விண்டோஸ் மாற்றப்போகிறேன்: டிராப்பாக்ஸில் உள்ள 612 ஜிபியை மறுபடி இறக்காமல் தப்பிக்க வழி உண்டா?

அறந்தாங்கி ஆல்பம் எழுதியது:

வணக்கம். நான் கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறவள். வீட்டு மாடியில்தான் வேலை. பட்டுக்கோட்டை, பேராவூரணி, புதுக்கோட்டைப் பக்கத்து போட்டோகிராஃபர்கள் ஏழெட்டுப் பேர் படங்களை டிராப்பாக்ஸில் (ஒரே ஃபைலை இணையத்திலும் நம் கம்ப்யூட்டர்களிலும் ஒன்றுபோல வைத்திருக்கும் சேவை) போட்டுவிடுவார்கள். நான் 12க்கு 36 ஷீட்டாக அடுக்கி, பெண் வீடு, மாப்பிள்ளை வீடு இரண்டும் பார்த்துச் சரி சொன்னதும் லேபுக்கு அனுப்புவேன். கம்ப்யூட்டர் வைத்தியம் எனக்குத் தெரியாது. போட்டோஷாப்பைத் தவிர மற்றதெல்லாம் பயம்தான்.

இப்போது சிக்கல் என்னவென்றால், சி டிரைவாக இருக்கும் 240 ஜிபி எஸ்எஸ்டி பத்து நாளாக மக்கர் செய்கிறது. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓடு ஆதரவும் முடிந்துவிட்டது. 'ரெண்டையும் ஒரே செலவில் முடிச்சிடலாம், புது எஸ்எஸ்டி போட்டு விண்டோஸ் 11 ஏத்தித் தர்றேன்' என்கிறார் கடைக்காரர். டி டிரைவ் தனி ஹார்ட் டிஸ்க், 2 டிபி. அதைத் தொடமாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். என் டிராப்பாக்ஸ் ஃபோல்டர் அந்த டி டிரைவில்தான் இருக்கிறது. மொத்தம் 612 ஜிபி.

ஃபைல் எல்லாம் டிஸ்கில் பத்திரமாக இருக்குமே, பிறகு எதற்குப் பயம் என்பீர்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் பட்ட அடி அப்படி. அப்போதும் வேறு ஒருவர் ஃபார்மட் செய்து கொடுத்தார். நான் டிராப்பாக்ஸை இன்ஸ்டால் செய்து 'நெக்ஸ்ட்', 'நெக்ஸ்ட்' என்று தட்டிக்கொண்டே போனேன். அது சி டிரைவில் புதிதாக ஒரு ஃபோல்டரைத் திறந்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து இறக்க ஆரம்பித்துவிட்டது. சி டிரைவ் பட்டை சிவப்பாகிவிட்டது. 'அதான் டி டிரைவில் எல்லாம் இருக்கே, இது வெறும் டூப்ளிகேட்தானே' என்று சி டிரைவ் ஃபோல்டருக்குள் போய் மொத்தத்தையும் செலக்ட் செய்து டெலீட் அடித்தேன். கால் மணி நேரத்தில் பேராவூரணியிலிருந்து போன்: 'அக்கா, ரிசப்ஷன் ஃபோல்டரைக் காணோமே?' என் தம்பி லேப்டாப்பிலும் காணோம். இணையத்திலும் காணோம். அப்புறம் டிராப்பாக்ஸ் தளத்தில் 'அழித்த ஃபைல்கள்' பக்கத்துக்குப் போய், 30 நாள் கெடு முடிவதற்குள் ஒவ்வொன்றாக மீட்டெடுத்தேன். இரண்டு இரவு தூக்கம் போச்சு. போட்டோகிராஃபரிடம் சொன்ன பொய்யை இங்கே எழுதமாட்டேன்.

நெட் விஷயமும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கேபிள்காரர் கொடுத்த ஃபைபர், 40 எம்பிபிஎஸ். மாதம் 400 ஜிபி தாண்டினால் 2 எம்பிபிஎஸ் ஆகிவிடும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். முதல் 400 ஜிபி ஒரு நாளில் வந்துவிடும், மீதி 212 ஜிபிக்குப் பத்து நாள். அதுவும் கரண்ட் போகாமல் இருந்தால். அடுத்த வாரம் மூன்று ஆல்பம் லேபுக்குப் போயாக வேண்டும்.

'ஃபைல் எல்லாம் இங்கேயே இருக்கிறது, மறுபடி இறக்காதே' என்று புது டிராப்பாக்ஸிடம் எப்படிச் சொல்வது? கடையில் கொடுக்கும் முன்னால் பழையதை அன்இன்ஸ்டால் செய்ய வேண்டுமா? செய்தால் ஃபைல் போய்விடுமா?

---

மின்னல் மணி எழுதியது:

ரொம்ப யோசிக்காதீங்க அக்கா. எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கி எல்லாவற்றையும் காப்பி செய்துவிடுங்கள். புதிதாக இன்ஸ்டால் செய்ததும் சி டிரைவில் ஒரு டிராப்பாக்ஸ் ஃபோல்டர் வரும். அதற்குள் பேஸ்ட் செய்தால் முடிந்தது.

---

பழைய வயர்மேன் எழுதியது:

தம்பி மணி, 612 ஜிபியை எந்த சி டிரைவில் பேஸ்ட் செய்யச் சொல்கிறீர்கள்? அவர் ஏற்கெனவே ஒரு தடவை சிவப்புப் பட்டை பார்த்தவர்.

சகோதரி, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. இதே காரியத்தை வருடத்துக்கு நாலைந்து தடவை செய்கிறேன். நிதானமாகச் சொல்கிறேன், வாசித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

அன்இன்ஸ்டால் செய்தால் ஃபைல் போகாது. போவது மென்பொருள் மட்டும்தான். டிராப்பாக்ஸ் ஃபோல்டர் சாதாரண ஃபோல்டர் போல அங்கேயே கிடக்கும். உங்கள் விஷயத்தில் சி டிரைவே புதிது என்பதால் அன்இன்ஸ்டால்கூடத் தேவையில்லை. கடையில் கொடுக்கும் முன் டிராப்பாக்ஸ் 'எல்லாம் புதுப்பிக்கப்பட்டது' என்று காட்டுகிறதா என்று பாருங்கள். காட்டினால் அதை மூடிவிட்டு, மெஷினை அணைத்துக் கொடுங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. ஃபோல்டர்களைத் திறந்து, ஃபைல் பக்கத்தில் சின்ன மேகப் படம் எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள். மேகம் இருந்தால் அந்த ஃபைல் உங்கள் டிஸ்கில் இல்லை, பெயர்ப்பலகை மட்டும்தான் இருக்கிறது. ரைட் கிளிக் செய்து, ஆஃப்லைனில் கிடைக்கும்படி வை என்பதைக் கொடுத்து இப்போதே இறக்கிக்கொள்ளுங்கள்.

இனி இன்ஸ்டால். உள்ளே நுழைந்ததும் ஃபோல்டரை எங்கே வைக்கலாம் என்று ஒரு திரையில் வரும். பதிப்புக்குப் பதிப்பு முகம் மாறும்; சில நேரம் 'மேம்பட்ட அமைப்பு' என்று மூலையில் பொடி எழுத்தில் ஒளிந்திருக்கும். போன தடவை நீங்கள் 'நெக்ஸ்ட்' அடித்துத் தாண்டியது அந்த இடத்தைத்தான். அங்கே இடத்தை மாற்றக் கொடுத்து டி டிரைவைக் காட்டுங்கள். கவனம், டி டிரைவை மட்டும். டி டிரைவுக்குள் இருக்கும் டிராப்பாக்ஸ் ஃபோல்டரைக் காட்டினால், அதற்குள் இன்னொரு டிராப்பாக்ஸ் ஃபோல்டரைத் திறந்து உட்கார்ந்துகொள்ளும். மறுபடி 612 ஜிபி. அதனால் தாயைக் காட்டுங்கள், பிள்ளையைக் காட்டாதீர்கள். சரியாகக் காட்டினால், 'இங்கே ஏற்கெனவே டிராப்பாக்ஸ் என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது, அதோடு சேர்க்கட்டுமா' என்று கேட்கும். அந்தக் கேள்வி வந்தால் நீங்கள் சரியான வாசலில் நிற்கிறீர்கள். ஆமாம் என்று கொடுங்கள். கேள்வி வராமல் நேராக உள்ளே போனால் உடனே நிறுத்துங்கள். பழைய ஃபோல்டரின் பெயரை யாராவது 'டிராப்பாக்ஸ் பழசு' என்று மாற்றி வைத்திருந்தாலும் அது கண்டுகொள்ளாது. பெயர் அப்படியே இருக்க வேண்டும்.

அதன்பிறகு அது என்ன செய்யும் என்பது தெரிந்தால் உங்களுக்குப் பாதிப் பயம் போய்விடும். ஒவ்வொரு ஃபைலையும் 4 எம்பி துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கைரேகை எடுக்கும். பத்திர ஆபீஸில் கைநாட்டை ஒத்துப் பார்ப்பதுபோல, சர்வரில் இருக்கும் ரேகையோடு ஒப்பிடும். ஒத்துப்போனால் இறக்காது, ஏற்றாது. தேதி, நேரம் மாறியிருந்தாலும் உள்ளடக்கம் ஒன்றாக இருந்தால் போதும். உங்கள் 612 ஜிபிக்கு ஒன்றரை லட்சம் துண்டுக்கு மேல் வரும். அதனால் பல மணி நேரம் ஆகும். அந்த நேரம் முழுக்கத் திரையில் 'இத்தனை ஆயிரம் ஃபைல்கள் சிங்க் ஆகின்றன', அதாவது இரு பக்கமும் ஒன்றாக்கப்படுகின்றன, என்றுதான் எழுதியிருக்கும். அதைப் பார்த்து நெஞ்சைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். டிஸ்க் 90, 100 சதவீதம் ஓடுகிறது, நெட்வொர்க் கோடு தரையோடு தரையாகப் படுத்திருக்கிறது என்றால், அது படித்து ஒத்துப் பார்க்கிறது. நெட்வொர்க் கோடு எழுந்து நின்று, இறங்காமல் அப்படியே நின்றால் மட்டும் சிங்க்கை நிறுத்திவிட்டு இங்கே வந்து எழுதுங்கள்.

கடைசியாக ஒன்று. இதை யாரும் சொல்வதில்லை, நான் பட்டுத் தெரிந்துகொண்டது. புது விண்டோஸில் வரும் டிராப்பாக்ஸுக்குப் பழைய ஞாபகம் கிடையாது. எது எங்கே இருந்தது என்ற பழைய குறிப்பு சி டிரைவோடு போய்விட்டது. அதனால் இப்படிச் சேர்க்கும்போது அதற்குக் கூட்டல் மட்டும்தான் தெரியும், கழித்தல் தெரியாது. இங்கே இருந்து அங்கே இல்லாதது எல்லாம் 'புதிது' என்று ஏற்றும். அங்கே இருந்து இங்கே இல்லாதது எல்லாம் 'புதிது' என்று இறக்கும். நீங்கள் வேண்டுமென்றே அழித்ததா, இல்லையா என்று அதற்கு எப்படித் தெரியும்? ஒரே ஃபைல் இரண்டு பக்கமும் வேறு வேறாக இருந்தால், ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை 'முரண்பட்ட நகல்' என்று பெயர் போட்டுப் பக்கத்தில் வைக்கும். எதையும் தொலைக்காது, ஆனால் குப்பை சேர்க்கும். ஆகவே மெஷின் கடைக்குப் போய் வந்து, ஒத்துப் பார்த்து முடிக்கும் வரை உங்கள் தம்பி லேப்டாப்பில் எதையும் அழிக்கவும் கூடாது, திருத்தவும் கூடாது.

நடப்பில் இருக்கும் அந்த மூன்று ஆல்பத்தை மட்டும் ஒரு பென் டிரைவில் எடுத்துப் பீரோவில் வையுங்கள். டிராப்பாக்ஸ் கண்ணாடி மாதிரி. முன்னால் நின்று மீசையை எடுத்தால் உள்ளே இருப்பவனுக்கும் மீசை போய்விடும்.

---

அறந்தாங்கி ஆல்பம் எழுதியது:

சார், இவ்வளவு விளக்கமாக யாரும் சொன்னதில்லை. 'தாயைக் காட்டுங்கள்' என்பதைத் தாளில் எழுதி மானிட்டரில் ஒட்டிவிட்டேன்.

நீங்கள் சொன்னபடி தேடினேன். மேகம் இருந்தது! பழைய வளைகாப்பு ஃபோல்டர் இரண்டு, 9 ஜிபி. இறக்கக் கொடுத்திருக்கிறேன். இன்னொன்றும் கண்ணில் பட்டது. தளத்தில் பார்த்தால் என் கணக்கில் மொத்தம் 1.1 டிபி இருக்கிறது. டி டிரைவில் 612தான். மீதி எங்கே?

---

காகிதக் கப்பல் எழுதியது:

நான் மொழிபெயர்ப்பாளர், ஆனால் இந்தக் குழியில் நானே விழுந்திருப்பதால் பதில் சொல்லத் தகுதி உண்டு.

மீதி எங்கே என்றால், நீங்கள் எப்போதோ 'எந்தெந்த ஃபோல்டர் இந்தக் கம்ப்யூட்டருக்கு வேண்டும்' என்ற பட்டியலில் பழையவற்றின் டிக்கை எடுத்திருக்கிறீர்கள். அந்தப் பட்டியலும் மென்பொருளின் ஞாபகத்தில் இருப்பது. புதிதாகப் போட்டால் எல்லா ஃபோல்டருக்கும் டிக் திரும்பி வந்துவிடும். வயர்மேன் சொன்ன எல்லாவற்றையும் நான் ஒழுங்காகச் செய்தேன், 'சேர்க்கட்டுமா' கேள்வியும் வந்தது, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு காபி போடப் போனேன். திரும்பி வந்தால், ஐந்து வருடத்துக்கு முன்னால் ஓரங்கட்டிய ஸ்கேன் ஃபைல்கள் எல்லாம் வரிசையில் நின்று இறங்கிக்கொண்டிருந்தன.

ஆகவே இப்போதே, பழைய டிராப்பாக்ஸ் உயிரோடு இருக்கும்போதே, அமைப்புகளில் சிங்க் பகுதிக்குப் போய் அந்தப் பட்டியலைத் திறந்து போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். புதிதாகப் போட்டு, சேர்க்கச் சொன்ன அடுத்த நிமிடம், கீழே டாஸ்க் பாரில் உள்ள டிராப்பாக்ஸ் ஐகானைத் தட்டி சிங்க்கை நிறுத்துங்கள். படத்தைப் பார்த்து, டிஸ்கில் இல்லாத ஃபோல்டர்களின் டிக்கை மட்டும் எடுங்கள். பிறகு ஓடவிடுங்கள். டிஸ்கில் இருக்கும் ஃபோல்டரின் டிக்கைக் கை தவறி எடுத்துவிட்டால், 'இது இந்த மெஷினுக்கு வேண்டாம்' என்று டிஸ்கிலிருந்து அகற்றிவிடும். சர்வரில் இருக்கும், ஆனால் மறுபடி இறக்க வேண்டும். எனவே கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள்.

உங்கள் தம்பி லேப்டாப்பும் அதே வீட்டு வைஃபையில்தானே? அதே கணக்குதானே? அப்படியானால் இன்னொரு வசதி. உள்வலை சிங்க் என்று ஒரு டிக் இருக்கும். இரண்டு மெஷினிலும் அது இருந்தால், விடுபட்ட ஃபைல்களை இணையத்திலிருந்து எடுக்காமல் பக்கத்து அறையிலிருந்தே எடுத்துக்கொள்ளும். உங்கள் 400 ஜிபியில் கை வைக்காது.

---

பழைய வயர்மேன் எழுதியது:

காகிதக் கப்பல் சொன்னது நூற்றுக்கு நூறு. பட்டியல் விஷயத்தை நான் மறந்தேவிட்டேன். எங்கள் கம்பெனியில் எல்லாருக்கும் எல்லா ஃபோல்டரும் என்பதால் அந்தப் பக்கமே போவதில்லை.

இன்னொன்று. தளத்தில் பழைய கம்ப்யூட்டரின் பெயரைக் கணக்கிலிருந்து நீக்கும்போது, சில சந்தாக்களில் 'அந்தக் கம்ப்யூட்டரில் உள்ள ஃபைல்களையும் அழி' என்று ஒரு டிக் வரும். திருட்டுப்போன லேப்டாப்புக்கு வைத்த வசதி அது. அதைத் தொடாதீர்கள். பழைய பெயர் பட்டியலில் கிடந்தால் கிடக்கட்டும்.

---

உப்புக்காற்று எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு இதே பிரச்சினை, ஆனால் கூகுள் டிரைவ். இதே வழி பொருந்துமா?

---

பழைய வயர்மேன் எழுதியது:

நீங்கள் எந்த முறையில் வைத்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஃபைல்கள் உங்கள் டிஸ்கில் சாதாரண ஃபோல்டராகவே கிடக்கும் முறை என்றால், புதிதாகப் போடும்போது அதே ஃபோல்டரைக் காட்டலாம். தனி டிரைவ் எழுத்தில் ஜி டிரைவ் என்று தெரியும் முறை என்றால், அங்கே பார்ப்பதெல்லாம் தோற்றம். உண்மையான தரவு சி டிரைவுக்குள் டிரைவ்எஃப்எஸ் என்ற மறைவான ஃபோல்டரில் இருக்கும். இன்னும் மேலே ஏறாத ஃபைல் ஏதாவது இருந்தால் அது அங்கே மட்டும்தான் இருக்கிறது. சி டிரைவை அழித்தால் அதுவும் போகும். ஆகவே எல்லாம் ஏறி முடிந்ததா என்று பார்த்தபிறகே மெஷினில் கை வையுங்கள். ஒன்டிரைவ் சுலபம்: பழைய ஃபோல்டர் இருந்த இடத்தைக் காட்டினால், ஏற்கெனவே இருக்கிறது, இதையே பயன்படுத்தலாமா என்று அதுவே கேட்கும்.

---

அறந்தாங்கி ஆல்பம் எழுதியது:

முடிந்தது! கதையைச் சொல்லிவிடுகிறேன், என்னைப்போல் யாராவது தேடி வந்தால் உதவும்.

வியாழக்கிழமை கடையில் கொடுத்து வெள்ளி மாலை வாங்கி வந்தேன். வந்ததும் முதல் அதிர்ச்சி, டி டிரைவைத் திறந்தால் டிராப்பாக்ஸே இல்லை. கை கால் ஓடவில்லை. பிறகுதான் பார்த்தேன், கடைக்காரர் நல்ல மனதோடு பழைய எஸ்எஸ்டியையும் கழற்றாமல் உள்ளேயே விட்டிருக்கிறார். அது டி ஆகிவிட்டது, என் ஹார்ட் டிஸ்க் இ ஆகிவிட்டது. டிராப்பாக்ஸுக்கு எழுத்து முக்கியமில்லை என்றாலும், எனக்குப் பத்து வருடப் பழக்கம் டி. கடைக்காரரிடம் போனில் கேட்டு, டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் எழுத்தை மாற்றிக்கொண்டேன். ஃபோல்டரைத் திறக்கும்போது 'உங்களுக்கு அனுமதி இல்லை' என்றது. 'தொடர்' என்று ஒரு பொத்தான் இருந்தது, அழுத்தினேன், திறந்துவிட்டது.

இரவு 9 மணிக்கு இன்ஸ்டால். இடம் கேட்கும் திரை வந்தது. தேர்ந்தெடுக்கும்போது பழக்கதோஷத்தில் டிராப்பாக்ஸ் ஃபோல்டர் மேலேயே கை போய்விட்டது. கீழே காட்டிய பாதையில் டிராப்பாக்ஸ் என்ற சொல் இரண்டு தடவை தெரிந்தது. மானிட்டரில் ஒட்டிய தாளைப் பார்த்தேன், பின்னால் வந்து டி டிரைவைக் காட்டினேன். 'சேர்க்கட்டுமா' கேள்வி வந்ததும் சாமி படத்தைப் பார்த்துவிட்டுத்தான் சரி கொடுத்தேன். உடனே சிங்க்கை நிறுத்தி, போனில் எடுத்த படத்தை வைத்து பதினாறு ஃபோல்டருக்கு டிக் எடுத்தேன். தம்பி வாசித்துச் சொல்ல, நான் தட்ட, ரேஷன் கடையில் கார்டு சரிபார்ப்பதுபோல் இருந்தது.

ஓடவிட்டதும் 'ஒரு லட்சத்து நாற்பதாயிரம் ஃபைல்கள்' என்று காட்டியது. இது மட்டும் முன்கூட்டியே தெரியாமல் இருந்திருந்தால் பிளக்கைப் பிடுங்கியிருப்பேன். டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டேன். டிஸ்க் 100 சதவீதம், நெட்வொர்க் ஒன்றுமில்லை. ஹார்ட் டிஸ்க் மட்டும் இரவு முழுக்க கரகரவென்று சத்தம். 12 மணிக்கு எழுந்து பார்த்தேன், 3 மணிக்குப் பார்த்தேன், எண் குறைந்துகொண்டே வந்தது. காலை 6 மணிக்குக் கோலம் போட்டுவிட்டு மேலே வந்தால் பச்சை டிக். நெட் கணக்கில் போயிருந்தது 1.3 ஜிபி. அது வெள்ளிக்கிழமை பகலில் ஒரு போட்டோகிராஃபர் புதிதாகப் போட்ட நிச்சயதார்த்தப் படங்கள்.

ஆனால் வயர்மேன் சார் சொன்ன கூட்டல் கணக்கு நடந்தேவிட்டது. நான் அவ்வளவு சொல்லியும், இடம் பற்றவில்லை என்று தம்பி வெள்ளிக்கிழமை மதியம் லேப்டாப்பில் ஒரு பழைய காதுகுத்து ஃபோல்டரை அழித்திருக்கிறான். சனிக்கிழமை காலை அது எழுந்து வந்து, 'அறந்தாங்கியிலிருந்து வந்திருக்கிறேன்' என்று அவன் லேப்டாப்பில் மறுபடி உட்கார்ந்துகொண்டது. ஒரே வார்த்தைதான் சொன்னான்: 'பேய்க்கா.' முரண்பட்ட நகல் இரண்டு வந்தன; அதில் ஒன்று அவன் மாற்றிய கவர் டிசைன். உண்மையில் என்னுடையதைவிட அவனுடையதுதான் நன்றாக இருந்தது, அதையே வைத்துக்கொண்டேன்.

மூன்று ஆல்பத்தில் இரண்டு லேபுக்குப் போய்விட்டன. மூன்றாவது நிற்பதற்குக் காரணம் டிராப்பாக்ஸ் இல்லை. பெண்ணின் அத்தை ஒரு படத்தில்கூட இல்லையாம்.

---

பழைய வயர்மேன் எழுதியது:

பழைய எஸ்எஸ்டியை ஒரு மாதமாவது அழிக்காமல் வைத்திருங்கள். டெஸ்க்டாப்பில் ஏதாவது விட்டிருப்பீர்கள்.

---

அறந்தாங்கி ஆல்பம் எழுதியது:

விட்டிருக்கிறேன் சார். ஃபான்ட் ஃபோல்டர் முழுக்க அங்கேதான்.